பல் சுகாதாரப் பணியாளர்: பயிற்சியும் பணியிடமும்

கேரளத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1959-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தோன்றியது. 1951-இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக அரும்பிய அந்நிறுவனம், பின்னர் தனிக் கல்லூரியாக வளர்ந்தது. பல் மருத்துவத்தில் பட்டமும் மேற்பட்டமும் வழங்கும் இக்கல்லூரியில், வெளியில் அதிகம் பேசப்படாத இரு பட்டயப் படிப்புகளும் உண்டு. ஒன்று, செயற்கைப் பற்களைச் செய்து தரும் டென்டல் மெக்கானிக் படிப்பு. மற்றொன்று, டென்டல் ஹைஜீனிஸ்ட் எனப்படும் பல் சுகாதாரப் பணியாளருக்கான ஈராண்டுப் படிப்பு. பிளஸ் டூ வகுப்பில் அறிவியல் பயின்றவர்கள் எல்.பி.எஸ். மையத்தின் வாயிலாக இதில் சேர்கின்றனர்.

சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி எளிமையானது: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? திட்டமிடுவோர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவேதான். பயிற்சி இடங்களைத் திறப்பது எளிது. பயிற்சி பெற்றவருக்கு உரிய பணியிடத்தை முன்கூட்டியே வகுத்து வைப்பது அத்துணை எளிதன்று. நம் நாட்டில் பல் சுகாதாரப் பணியாளரின் வரலாறு, முதற்பணியைச் செய்து இரண்டாவதை மறந்த வரலாறு எனலாம்.

முதலில் இப்பணி யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். உணவுக்குப் பின் பல்லின் மீது மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது நுண்ணுயிர்கள் வாழும் படலம். நாள்தோறும் துலக்கினால் அகன்றுவிடும். அகற்றாது விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்துடன் சேர்ந்து காரையாக இறுகிவிடும். இறுகிய காரையைத் தூரிகையால் எடுக்க இயலாது. ஈற்றின் ஓரத்தில் அது தங்கத் தங்க ஈறு வீங்கிக் குருதி கசிகிறது. ஈறு பல்லை விட்டு விலகுகிறது. பல்லைத் தாங்கும் எலும்பும் காலப்போக்கில் கரைகிறது. வலி பெரும்பாலும் இறுதியில்தான் வருகிறது. பல் ஆடத் தொடங்கிய பின் மருத்துவரிடம் செல்பவருக்கு, பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. இக்காரையை உரிய கருவிகளால் சுரண்டி எடுத்து, பல்லை மெருகிட்டு, வாயைப் பேணும் முறையைக் கற்பிப்பவரே பல் சுகாதாரப் பணியாளர். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இப்பணியை ஏறத்தாழ இவ்வாறே வரையறுத்து, இவர்களுக்கெனத் தனிப் பதிவேட்டையும் ஏற்படுத்தியது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே சட்டம் இயற்றியோர் இத்தகையதொரு பணியாளரை எண்ணிப் பார்த்தனர் என்பது கருதத்தக்கது.

ஈராண்டுகளில் மாணவர் கற்பது குறைவன்று. உடற்கூறு, உடலியங்கியல், பல்லின் வடிவமைப்பு, நுண்ணுயிரியல், வாய் நோய்கள், எக்ஸ்ரே எடுக்கும் முறை, சமூகப் பல் மருத்துவம் ஆகியன பாடங்கள். ஆனால் உண்மையான பயிற்சி நாற்காலியின் அருகில்தான் நிகழ்கிறது. ஈற்றின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் காரையைக் கருவி முனையின் உறுத்தலால் மட்டுமே அறியவேண்டும். கருவியைப் பிடிக்கும் விரல்களுள் ஒன்று பல்லின் மீது ஊன்றியிருக்கவேண்டும். ஊன்றாத கை வழுக்கினால் ஈறு கிழியும். மீயொலி அதிர்வினால் காரையைப் பெயர்க்கும் கருவி வந்துவிட்ட போதிலும் இந்தத் தொட்டுணர்வு இன்றியமையாததே. கருவிகளைத் தூய்மை செய்து நுண்ணுயிர் நீக்குவதும் பாடத்தின் பகுதி. அதில் காட்டும் அலட்சியம் ஒருவரின் நோயை மற்றவருக்குக் கடத்திவிடும்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்னும் அச்சம் தமிழகத்திலும் கேரளத்திலும் ஒருங்கே காணப்படுகிறது. உண்மையில், ஆடும் பல்லைக் காரைதான் இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. காரை அகன்றதும் முன்பே நேர்ந்த சேதம் வெளிப்படுகிறது. உமிக்கரியால் அழுந்தத் தேய்ப்பதே தூய்மை என்ற நம்பிக்கையும் இன்னும் மறையவில்லை. அது பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். இவற்றை நோயாளியின் மனம் புண்படாது விளக்குவதற்கு நேரம் வேண்டும், அவர் பேசும் மொழியில் பழக்கம் வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

தேவை இல்லை என்று யாரும் கூறமுடியாது. இந்தியப் பல் மருத்துவக் குழுமம் 2002-03-இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில், 12 வயதினருள் 57 விழுக்காட்டினருக்கு ஈறு தொடர்பான கோளாறு காணப்பட்டது. 35 முதல் 44 வயதினரிடையே அது ஏறத்தாழ 90 விழுக்காடு. பள்ளிப் பருவத்தில் தொடங்கி, உழைக்கும் வயதில் உச்சத்தை எட்டும் நோய் இது. நீரிழிவு உள்ளவர்களிடம் ஈறு நோய் மேலும் கடுமையாகிறது; ஈறு நோய் முற்றினால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. நீரிழிவு மிகுந்த கேரளத்திற்கு இது சிறு செய்தியன்று.

இத்தகைய பணியாளர் என்ற எண்ணம் பிறந்த இடம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்போர்ட் நகரம். அங்கு ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர் தம் உதவியாளரான ஐரீன் நியூமனுக்கு முதலில் பயிற்சியளித்தார். பின்னர் 1913-இல் ஒரு வகுப்பையே தொடங்கினார். பயிற்சி பெற்ற பெண்கள் நகரப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டு, குழந்தைகளின் பற்களைச் சுத்தம் செய்து, துலக்கும் முறையைக் கற்பித்தனர். பணியிடம் பள்ளி என்பது தொடக்கத்திலேயே உறுதியாயிருந்தது. இன்று அந்நாட்டில் இப்பயிற்சியின் பெரும்பகுதி சமுதாயக் கல்லூரிகளில் நடைபெறுகிறது. குறைந்த கட்டணம், வீட்டிற்கு அருகில் கல்வி, படித்த பாடங்களைக் கணக்கில் கொண்டு பின்னர் பட்டப்படிப்பைத் தொடரும் வாய்ப்பு ஆகியன அவற்றின் இயல்புகள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு இப்பணியில் உள்ளனர்.

நம் நாட்டுப் பதிவேடுகளில் உள்ளவர்களோ சில ஆயிரவர் மட்டுமே. இதன் காரணத்தைப் பொருளாதார நோக்கில் ஆராய்வது தகும். உழைப்புப் பகுப்பு என்பது உயர் திறனாளரின் நேரம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருக்கும்போது தானாகவே ஏற்படும். அமெரிக்கப் பல் மருத்துவர் தம் நேரத்தின் மதிப்பை எண்ணியே சுத்தம் செய்யும் பணியைப் பிறரிடம் ஒப்படைக்கிறார். இங்கோ முந்நூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆண்டுதோறும் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பி.டி.எஸ். இடங்கள் உள்ளன. புதிதாகப் பட்டம் பெற்றவர் குறைந்த ஊதியத்திற்கும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் சேர முன்வருகிறார். அவரே காரையையும் எடுத்துவிடுகிறார். அவ்வாறிருக்க, பட்டயதாரரைத் தனியே அமர்த்த உரிமையாளருக்கு என்ன தூண்டுதல் இருக்கமுடியும்? ஐந்தாண்டுப் படிப்பின் செலவில் உருவானவர் ஈராண்டுப் பயிற்சி போதுமான வேலையைச் செய்வது நாட்டிற்கு விரயம். உரிமையாளருக்கு அது விரயமாகத் தோன்றுவதில்லை. எனவே தனியார் சந்தை இப்பணியாளரைத் தேடி வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அவருக்கு வேலை தரக்கூடியது முதன்மையாகப் பொதுச் சுகாதாரத் துறையே.

வெளிநாடு செல்லலாமே என்று சிலர் கூறுவர். கேரளத்துச் செவிலியர் கண்ட வழி அது. ஆனால் அமெரிக்கா போன்ற நாடுகளில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் படித்துத் தேறினாலன்றிப் பொதுவாக உரிமம் கிடைப்பதில்லை. உள்நாட்டில் மேலே செல்லும் ஏணியும் குறுகியதே. பட்டயதாரர் பி.டி.எஸ். படிக்க விரும்பினால், பள்ளி முடித்த மாணவருடன் சேர்ந்து நீட் தேர்வை எழுதவேண்டும். ஈராண்டுகள் நாற்காலியருகில் நின்ற அனுபவம் அங்கு மதிப்பெண்ணாவதில்லை. இது நியாயமான ஏற்பாடு என்று கூறுவதற்கில்லை.

மருத்துவரல்லாதார் வாயைச் சோதிப்பதால் பயன் விளையுமா என்ற ஐயத்திற்குத் திருவனந்தபுரம் மாவட்டமே விடையளித்துள்ளது. 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையுடன் இணைந்து, 1996 முதல் 2004 வரை இம்மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகளில் ஒரு பெரும் ஆய்வை நடத்தியது. மருத்துவம் சாராத பாடங்களில் பட்டம் பெற்றவர்களைத் தேர்ந்து, பயிற்சியளித்து, வீடு வீடாக அனுப்பினர். 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைப் போதிய வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதே அவர்களது பணி. வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, ஆறாப் புண் முதலியன காணப்பட்டோரை மருத்துவரிடம் அனுப்பினர். சோதனை நடந்த பகுதிகளிலும், ஒப்பீட்டுக்காக விடப்பட்ட பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவான மக்கள், ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றையாயிரத்துக்கு மேல். 2005-இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோயால் நேரும் இறப்பு சோதனைப் பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உலகின் மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ள இவ்வாய்வுக்குத் தேவைப்பட்டவை விலையுயர்ந்த கருவிகளல்ல. முறையான பயிற்சியும், செல்லவேண்டிய வீடுகளின் பட்டியலுமே. மருத்துவம் பயிலாத பட்டதாரிகள் இதைச் செய்ய முடிந்ததெனில், ஈராண்டுகள் வாயை மட்டுமே பயின்றவர் செய்யமாட்டாரா?

அண்டை நாடான இலங்கை வேறொரு படிப்பினையைத் தருகிறது. 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்தின் உதவியுடன், மகரகமவில் பள்ளிப் பல் செவிலியருக்கான பயிற்சி தொடங்கப்பட்டது. பயிற்சியும் பள்ளிச் சிகிச்சை நிலையமும் அங்கு ஒரே திட்டத்தின் இரு பகுதிகள். யாழ்ப்பாணம் உள்ளிட்ட மாவட்டங்களின் குழந்தைகள் அச்சேவையைப் பெற்றனர். பயிற்சி முடித்தவர் எங்குச் செல்வார் என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

கேரளத்தில் அடித்தளம் இல்லாமலில்லை. அரசு மருத்துவமனைகளில் டென்டல் ஹைஜீனிஸ்ட் பணியிடங்கள் உள்ளன. மாநிலப் பணியாளர் தேர்வாணையம் அவற்றுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாக உயர்த்தப்பட்டன. வறிய முதியோருக்கு இலவசமாகச் செயற்கைப் பல்வரிசை வழங்கும் மந்தஹாசம் என்னும் திட்டத்தையும் அம்மாநிலம் வகுத்தது. பாராட்டத்தக்க திட்டமே. எனினும் முதுமையில் பல்வரிசை தரும் அரசு, நாற்பது வயதில் காரையை எடுத்திருந்தால் அவற்றுள் எத்தனை தேவைப்பட்டிருக்கும் என்றும் கணக்கிடவேண்டும்.

மேற்பார்வை குறித்த விதியும் ஆராயத்தக்கது. இப்பணியாளர் பல் மருத்துவரின் மேற்பார்வையில் செயற்படவேண்டும் என்பது நம் நாட்டு நெறி. அதைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் மேற்பார்வை என்பதற்கு மருத்துவர் அதே கூரையின் கீழ் இருத்தல் என்று பொருள் கொண்டால், மருத்துவர் இல்லாத ஊரில் பணியாளரும் இருக்கமாட்டார். அமெரிக்காவின் பல மாநிலங்கள் பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் மருத்துவர் உடனில்லாமலே பணியாற்ற இவர்களுக்கு இடமளித்துள்ளன. 2023-இல் இயற்றப்பட்ட தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழான விதிகளில், மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து பார்த்து, எழுத்து மூலம் அனுமதித்த பணிகளைப் பணியாளர் ஏனைய நாட்களில் செய்யலாம் என்று வகுக்க இடமுண்டு. அவ்வாறு வகுத்தால், நான்கைந்து குடும்ப நல மையங்களுக்கு ஒரு மருத்துவரும் மையத்திற்கு ஒரு பணியாளருமாக அமைக்கலாம். காலையில் மையத்தில் நீரிழிவு நோயாளிகள், பிற்பகலில் அருகிலுள்ள பள்ளி, வாரத்தில் ஒருநாள் வீடுகளில் புகையிலை பழகியோரின் வாய்ச் சோதனை எனப் பணி பிரியும். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, காரை எடுக்கும் கருவித் தொகுதிகள் சில, அவற்றைக் கொதியாவியில் தூய்மையாக்கும் கலம் ஆகியனவே மையத்திற்குத் தொடக்கச் செலவு. ஆண்டுதோறும் எத்தனை பேரைப் பட்டயப் படிப்பில் சேர்ப்பது என்பதை, இவ்வாறு திறக்கப்படும் பணியிடங்களை எண்ணிய பின்னரே முடிவு செய்யவேண்டும்.