ஆய்வுக்கு ஒரு பெயர்



பல்கலைக்கழக மாணவர் தமது இறுதி ஆண்டிலே எழுதி ஒப்படைக்க வேண்டிய ஆய்வேட்டைப்பற்றிச் சிறிது பேசுமாறு கேட்கப்பட்டேன். ஆய்வு என்றதும் கண்ணாடிக் குழாய்களும் நுணுக்குக்காட்டியும் சிலருடைய மனக்கண்முன் தோன்றலாம். நான் சொல்லப்போவது அவ்வகை ஆய்வன்று. மனிதரிடம் சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் செய்வதைப் பார்த்து, அவற்றின் பொருளை ஆராய்ந்து எழுதும் ஆய்வு அது. பண்புசார் ஆய்வு என்று அதனைக் கூறுவர். எத்தனை பேர், நூற்றுக்கு எத்தனை வீதம் என்ற கேள்விகளை அது வேறொரு துறைக்கு விட்டுவிடுகின்றது. ஒரு காரியம் எவ்வாறு நடைபெறுகின்றது, அதிலே ஈடுபட்டோர் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதே அதன் விசாரணை.

இப்பேச்சு மாணவருக்கு மாத்திரம் உரியது என்று மற்றையோர் எண்ணவேண்டாம். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை ஒருநாள் குறிப்புப் புத்தகத்தோடு உங்கள் வாசலிலே வந்து நிற்கக்கூடும். அப்பிள்ளை எதைக் கேட்கின்றது, கேட்டதை என்ன செய்யப்போகின்றது என்பவை உங்களையும் சார்ந்த காரியங்களே.

ஒரு மாணவியின் கதையைச் சொல்கின்றேன். உண்மையில் அவள் ஒருத்தி அல்லள். பல ஆண்டுகளிலே நான் கண்ட மாணவர் சிலரை ஒருத்தியாக்கிச் சொல்கின்றேன். ஏன் அவ்வாறு செய்கின்றேன் என்பது பின்னர் விளங்கும்.

மலையகத்துத் தோட்டமொன்றிலே, லயத்துக் காம்பராவிலே பிறந்து வளர்ந்தவள் அவள். தாய் கொழுந்து பறிப்பவர். முதல்நாள் அவள் எழுதிவந்த தலைப்பு, "மலையகத் தோட்டத் தொழிலாளர் எதிர்நோக்கும் பிரச்சினைகள்" என்பது.

"எந்தத் தோட்டம், பிள்ளை?" என்று கேட்டேன்.

"எல்லாத் தோட்டமுந்தான், சேர்."

"எந்தப் பிரச்சினை?"

சம்பளம், வீடு, கல்வி, சுகாதாரம், குடிப்பழக்கம் என்று விரல்விட்டு எண்ணினாள். எவ்வளவு காலம் இருக்கின்றது என்று கேட்டேன். எட்டு மாதம், அதிலே பரீட்சைக்கு இரண்டு மாதம் போய்விடும் என்றாள்.

அவளைக் குறைகூற முடியாது. பரந்த தலைப்பு பாதுகாப்பானது போலத் தோற்றும். எதை எழுதினாலும் அதற்குள் அடங்கிவிடும் அல்லவா? பெரிய அறிஞர்களும் இவ்வாறே தொடங்கியிருக்கின்றனர். வில்லியம் பூட் வைற் என்ற அமெரிக்கர் 1936 ஆம் ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே ஆராய்ச்சி உதவி பெற்றார். பொஸ்ரன் நகரிலே இத்தாலியர் குடியேறிய பகுதியொன்றை ஆராய விரும்பினார். அப்பகுதியின் வரலாறு, பொருளாதாரம், அரசியல், கல்வி, சமயம், சுகாதாரம் என எல்லாவற்றையும் உள்ளடக்கி, பத்துப்பேர் சேர்ந்து செய்யவேண்டிய ஒரு திட்டத்தை அவர் வரைந்தார். அதைக் கண்ட மூத்த பேராசிரியர் ஒருவர் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். வைற் திட்டத்தைப் பலமுறை திருத்தினார். ஈற்றில் அப்பகுதியிலேயே குடியிருந்து, தெருமுனையிலே கூடும் இளைஞர் குழுக்களோடு பழகி எழுதினார். தெருமுனைச் சமூகம் என்று பொருள்படும் பெயரோடு 1943 இலே வெளிவந்த அந்நூல் இன்றும் மாணவரால் படிக்கப்படுகின்றது. பத்துப்பேர்த் திட்டத்தின் கதையை மறைக்காமல், 1955 ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பிலே அவரே எழுதிவைத்தார். ஆய்வைத் தொடங்கும் மாணவர் நூலுக்கு முன்னர் அப்பின்னிணைப்பையே படிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் மாணவியிடம், "உன் தோட்டத்திலே உனக்கு விளங்காத ஒன்று சொல்" என்றேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, தன்னோடு பத்தாம் வகுப்பிலே படித்த பதினொரு பேரில் எட்டுப்பேர் கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கின்றனர் என்றும், தான் ஏன் அவர்களோடு போகவில்லை என்பது தனக்கே விளங்கவில்லை என்றும் கூறினாள். ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

ஒரு வாரத்தின் பின்னர் அவள் கொண்டுவந்த இரண்டாவது தலைப்பு, "தோட்டத்தைக் கைவிட்டுச் செல்லும் இளைஞர்: காரணங்களும் விளைவுகளும், ஓர் ஆய்வு" என்பது. முன்னையதிலும் இது நல்லது. ஆனால் எங்கள் மாணவரைப் பிடித்த மூன்று நோய்கள் இதிலும் இருந்தன. முதலாவது, "ஓர் ஆய்வு" என்னும் வால். ஆய்வேட்டின் அட்டையிலே ஓர் ஆய்வு என்று பொறிப்பது தேங்காயின்மேலே தேங்காய் என்று எழுதி வைப்பது போன்றது. இரண்டாவது, "காரணங்களும் விளைவுகளும்". "தாக்கம்", "செல்வாக்கு" என்ற சொற்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பன்னிரண்டு பேரோடு உரையாடிய ஒருவர், அவர்கள் எதைக் காரணமாகக் கருதுகின்றனர் என்று சொல்லலாம். இதனால்தான் இது நிகழ்ந்தது என்று நிறுவ முடியாது. தலைப்பு அளிக்கும் வாக்குறுதியை உள்ளே உள்ள பக்கங்கள் காப்பாற்றவேண்டும். மூன்றாவது நோயை அன்று நானும் காணவில்லை.

திட்டம் வகுத்தோம். முதலிலே நூல்நிலையம். எட்மண்ட் லீச் 1954 இலே அனுராதபுரப் பகுதியிலுள்ள புல் எலிய என்ற ஒரேயொரு கிராமத்திலே ஆராய்ச்சி செய்து, 1961 இலே நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பைப் பார்க்கும்படி சொன்னேன். கிராமத்தின் பெயர் முன்னே நிற்கின்றது. இலங்கையிலுள்ள ஒரு கிராமம் என்பது அடுத்து வருகின்றது. காணியுரிமையும் உறவுமுறையும் பற்றிய ஆராய்ச்சி என்பது அதன் கீழே நிற்கின்றது. இலங்கைக் கிராமங்கள் யாவற்றையும் பற்றிப் பேசுவதாக அந்தத் தலைப்பு உரிமை கொண்டாடவில்லை. உள்ளே உள்ள வாதமோ உலகெங்கும் பேசப்பட்டது. மானிடவியலாளர் உறவுமுறையைத் தனியான ஒன்றாக நினைக்கும்போது, அக்கிராமத்து வாழ்வைக் கட்டியிருப்பவை குளமும் வயலுமே என்று அவர் வாதிட்டார்.

அடுத்தது, யாரிடம் அனுமதி பெறுவது என்பது. தோட்டத்துரைக்குக் கடிதம் எழுதவேண்டும், அது முறை. ஆனால் துரையின் காரியாலய விறாந்தையிலே மேசை போட்டுக் கேட்டால் ஒரு விடை வரும். தொழிற்சங்கத் தலைவரின் வீட்டுத் திண்ணையிலே கேட்டால் இன்னொரு விடை வரும். அடுப்படியிலே கேட்டால் வேறொன்று வரும். எங்கே இருந்து கேட்டோம் என்பதையும் ஆய்வேட்டிலே எழுதவேண்டும் என்று தீர்மானித்தோம். நேரம் அடுத்த சிக்கல். காலையிலே பிரட்டுக்குப் போகும் பெண், மாலையிலே கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் காம்பராவுக்கு வந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து முடிக்கும்வரை பேச முடியாது. கொழுந்து மிகுதியாக வரும் காலத்திலே அதுவும் இல்லை. எங்கள் கால அட்டவணையிலே பரீட்சைத் திகதிகள் இருந்தனவேயன்றி அவர்களுடைய நாள் இருக்கவில்லை. அட்டவணையை மறுபடியும் எழுதினோம்.

ஐம்பது பேரைக் காணட்டுமா என்று கேட்டாள். ஒரு மணிநேரப் பேச்சைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுத ஐந்தாறு மணிநேரம் செல்லும் என்று கணக்குக் காட்டினேன். கானாவிலும் நைஜீரியாவிலும் அறுபது பெண்களோடு நடத்திய நேர்காணல்களை ஆராய்ந்து 2006 இலே வெளிவந்த கட்டுரையொன்று, முதற் பன்னிரண்டு நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துக்கள் வந்துவிட்டன என்கின்றது. அதை விதியாகக் கொள்ளலாகாது. ஓரளவு ஒத்த மக்களிடம் ஒரே பொருளைப்பற்றி விசாரித்தபோது கண்ட உண்மை அது. எனினும் மாணவருக்கு அது ஓர் ஆறுதல். புதிதாக ஒன்றும் வராத இடத்திலே நிறுத்தலாம் என்றேன். ஆனால் புதிதாக ஒன்றும் கேட்காதபடியால் வரவில்லையா என்பதையும் சிந்திக்கவேண்டும் என்றேன்.

இன்னொன்றையும் வற்புறுத்தினேன். குறிப்புக்களைப் பிரதி செய்து வேறிடத்திலே வைத்தல் வேண்டும். 1948 இலே மைசூர்ப் பகுதிக் கிராமமொன்றிலே ஆராய்ச்சி செய்த எம். என். சீனிவாஸ், அக்குறிப்புக்களை ஒழுங்குபடுத்தி ஸ்ரான்போட்டிலே வைத்திருந்தபோது, 1970 இலே அங்கு மூட்டப்பட்ட தீயில் அவை எரிந்துபோயின. பிரதிகளும் ஒரே இடத்திலே இருந்தபடியால் அவையும் எரிந்தன. அவர் மனம் தளராது, பெரும்பாலும் நினைவைக்கொண்டே எழுதி 1976 இலே வெளியிட்ட நூலுக்கு, நினைவிலுள்ள கிராமம் என்ற பொருளிலே பெயர் வைத்தார். அந்நூல் எவ்வாறு உருவாயிற்று என்பதையே பெயர் சொல்கின்றது.

மாணவி தோட்டத்துக்குப் போனாள். முதல் மூன்று நேர்காணல்களும் வீணாயின. "ஒனக்குத் தெரியாததா?" என்றே ஒவ்வொருவரும் கூறினராம். சொந்த இடத்திலே ஆராய்வோருக்கு வரும் துன்பம் இது. அந்நியன் கேட்டால் விளக்கிச் சொல்வார்கள். வீட்டுப் பிள்ளை கேட்டால் சிரிப்பார்கள். நான்காவது பெண் ஒரு தாய். "உங்கள் மகன் ஏன் தோட்டத்தை விட்டுப் போனான்?" என்று அவரிடம் கேட்டிருக்கின்றாள். அவர் கோபித்துக்கொண்டார்.

"அவன் போகல்ல. நாங்கதான் அனுப்புனோம்."

மாணவி அன்றிரவே எனக்குத் தொலைபேசியிலே சொன்னாள். நான் காணத் தவறிய மூன்றாவது நோய் அதுதான். கைவிட்டுச் செல்லும் என்ற வினைச்சொல் ஆய்வு தொடங்குமுன்னரே விடையைச் சொல்லிவிட்டது. செல்பவன் இளைஞன், கைவிடப்பட்டது தோட்டம், இழப்பு அங்கே, குற்றம் இங்கே என்று அது தீர்ப்பும் கூறிவிட்டது. அத்தாயின் கணக்கிலோ, அது பல மாதம் ஆலோசித்து, சீட்டுக் காசு எடுத்து, தெரிந்த கடைக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு குடும்பம் செய்த காரியம். கேள்வி மாறியது. இளைஞர் ஏன் செல்கின்றனர் என்பதன் இடத்திலே, எந்தப் பிள்ளையை அனுப்புவது, எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே வைத்திருப்பது என்பதைக் குடும்பங்கள் எவ்வாறு தீர்மானிக்கின்றன என்ற கேள்வி வந்தது. தான் ஏன் போகவில்லை என்ற அவளது பழைய கேள்விக்கும் அதிலேதான் விடை இருந்தது. தன் தாயிடம் அதை அவள் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.

இனி, எனக்குப் பெருமை தராத ஒரு பகுதியையும் சொல்லவேண்டும். தாய்மாருள் ஒருவர் தம் பிள்ளையை அனுப்பிய விதத்தை மனந்திறந்து கூறியிருந்தார். அப்பக்கம்போல உயிருள்ள பக்கம் அவ்வாய்வேட்டிலே வேறு இருக்கவில்லை. அதிலே சட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு விடயமும் இருந்தது; அதற்குமேல் இங்கே சொல்லேன். முதலிலே சம்மதித்த அப்பெண், சில வாரங்களின் பின்னர், அது வேண்டாம் என்றார். பெயரை மாற்றிவிட்டால் போதுமே, பக்கம் இருக்கட்டும் என்று நான் ஆலோசனை கூறினேன். மாணவி மறுத்தாள். "பன்னிரண்டு காம்பரா உள்ள லயம், சேர். பெயரை மாற்றினாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்" என்றாள். அவள் சொன்னதே சரி. நகரத்திலே ஒருவரை மறைக்கப் பெயர்மாற்றம் போதும். ஒரு லயத்திலே அது திரையாகாது. பக்கத்தை எடுத்துவிட்டாள். பரீட்சகர்கள் அந்த அத்தியாயம் சற்று மெலிந்திருப்பதாகக் குறித்து, அதற்குரிய புள்ளிகளையும் குறைத்தனர். அவள் முறையிடவுமில்லை, காரணத்தைச் சொல்லவுமில்லை. நான் இன்று அவளைப் பலரோடு கலந்து சொல்வதும் அவளிடம் கற்றதனாலேயே.

தோட்டத்தின் பெயரைத் தலைப்பிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. லீச் கிராமத்தின் பெயரை முன்னே வைத்தார் என்று அவளுக்குக் காட்டியவன் நானே. அவளுடைய ஆய்வுக்கு அது பொருந்தவில்லை. மாவட்டத்தோடு நிறுத்தினோம். இறுதியில் எழுதிய தலைப்பு இது: "அனுப்புதல்: நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றிலே பிள்ளைகளைக் கொழும்பு வேலைக்கு அனுப்பியமைபற்றித் தாய்மார் கூறுவன." முன்னையவற்றிலும் இது நீளமானது. அழகும் குறைவு என்று சக விரிவுரையாளர் ஒருவர் கூறினார். ஆனால் எதைப்பற்றி, யார் சொன்னதைக்கொண்டு, எந்த இடத்திலே என்பவை அதிலே இருந்தன. இல்லாத எதையும் அது தருவதாகச் சொல்லவில்லை.

பதிவுசெய்த தலைப்பை மாற்றுவதற்குப் பல்கலைக்கழகங்களிலே ஒரு படிவம் உண்டு. மேற்பார்வையாளர் ஒப்பமிட்டு, பீடத்துக்கு அனுப்பவேண்டும். அவள் நிரப்பிக் கொண்டுவந்த படிவத்தை மேசையிலே வைத்து வாசித்தேன். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்திலே மாணவர் வழக்கமாக, மேற்பார்வையாளரின் ஆலோசனைப்படி என்று எழுதுவர். அவள், "தாய்மார் திருத்தினர்" என்று எழுதியிருந்தாள். ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.