ஓரிரவு விருந்தினர்



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஊர்க் காரியங்களைப் பேசும்பொழுது, "இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியாதது என்ன?" என்று கேட்பது நம் வழக்கம். நம் வயலில் நாற்று நடும் பெண்ணின் கூலி நமக்குத் தெரியும். அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், கைக்குழந்தையை யாரிடம் விட்டு வருகிறாள், மழையால் வேலை நின்ற நாளில் அவள் வீட்டு அடுப்பு எவ்வாறு எரிகிறது என்பவை தெரியுமா? அவள் வீட்டுத் திண்ணையில் நம்மில் பலர் உட்கார்ந்ததே இல்லை.

ஆமதாபாத்தில் 1972ஆம் ஆண்டில் இலா பட் அம்மையார் 'சேவா' என்னும் சுயதொழில் மகளிர் சங்கத்தை நிறுவினார். நிரந்தர வேலையோ மாதச் சம்பளமோ இல்லாத சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர் முதலிய பெண்களின் சங்கம் அது. ஜெர்மானியரான கார்ல் ஓஸ்னர் வகுத்த முறையொன்றைச் சேவா மேற்கொண்டது. அதன்படி, திட்டம் தீட்டுவோர் உழைக்கும் பெண்ணின் வீட்டில் விருந்தினராகத் தங்கி, அவள் வேலையில் பங்கு கொண்டு, அவ்வீட்டு உணவை உண்டு, அங்கேயே உறங்குவர். பின்னர் கூடி, கண்டவற்றை ஆராய்வர்.

2004ஆம் ஆண்டில் ரவி கன்பூர், கேரி பீல்ட்ஸ் முதலிய பொருளாதார அறிஞர்கள் அவ்வாறு தங்கினர். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஏழைக்கு நன்மையா, தீமையா என்பதில் அவர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. அது முற்றிலும் தீரவில்லை; ஆயினும் தம்மை உபசரித்த பெண்களின் வரவு செலவை முன்வைத்து வாதிடும் நிலை பிறந்தது.

நம் ஊரில் இதனால் விளையும் பயன் யாது? ஊர்க்கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்துவிட்டு, "பெண்கள் வருவதில்லை" என்கிறோம். அந்நேரத்தில் அவர்கள் சேற்றில் நிற்கின்றனர். குழாயில் நீர் விடும் நேரத்தையும், தெருவிளக்கு நிற்க வேண்டிய இடத்தையும், பொதுக் கழிப்பிடத்தின் தேவையையும் அவ்வீட்டில் ஓரிரவு தங்கியவர் எளிதில் அறிவார். வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புகழ் பெற்றது. அத்தொழில் நடக்கும் வீட்டில் பெண்ணின் உழைப்பு எவ்வளவு என்பதும் உடனிருந்தால்தான் விளங்கும்.

கூலி ஏறிவிட்டது என்னும் உழவரின் குறை மெய்யே. இயந்திரம் வந்து வேலை நாள் குறைந்தது என்னும் அவளது குறையும் மெய்யே. இரண்டும் ஒரே திண்ணையில் பேசப்பட வேண்டும்.

இதற்குச் சில நெறிகள் உண்டு. அவள் மனமுவந்து அழைத்தாலன்றிச் செல்லலாகாது. பெண் உறுப்பினரே முதலில் செல்வது நலம். உணவுச் செலவு அவள் தலையில் விழலாகாது. புகைப்படமும் வாக்குறுதியும் வேண்டா. சாதி பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுப்போமாயின், இம்முயற்சியே வீண். திரும்பிய மறுநாள் அவளையும் அழைத்து வைத்து, செய்யக்கூடிய ஒரு காரியத்தையேனும் முடிவு செய்ய வேண்டும்.

நமக்குச் சோறளிக்கும் கைகளுக்கு உரியவள் நம்மை ஒருநாள் விருந்தினராக ஏற்பாளாயின், அது நமக்குப் பெருமையே. இந்த நடவுப் பருவத்திலேயே தொடங்குவோமாக.