நெஞ்சைத் திறந்து மூடிய பிறகு
(ஆய்க்குடியில் பேசிய பேச்சு)



இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களை நம் பக்கத்தில் இரண்டு விதமாக நடத்துகிறோம். ஆண்பிள்ளையானால் ஆறு மாதம் கட்டிலை விட்டு இறங்கவிடுவதில்லை. கண்டம் கழிந்ததா என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறோம். பெண்பிள்ளையானாலோ பத்தாம் நாளே தண்ணீர்க் குடம் அவள் இடுப்பில் ஏறிவிடுகிறது. இரண்டும் தப்பு. பின்னது கொடுமையென்றே சொல்லுவோம்.

பைபாஸ் என்னும் இந்தச் சிகிச்சை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியனால் இந்தியாவில் முதன்முதல் செய்யப்பட்டது. நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, காலிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ எடுத்த இரத்தக் குழாயை அடைப்புக்கு அப்பால் ஒட்டிவைத்து, எலும்பைக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். பல சமயம் இருதயத்தை நிறுத்திவிட்டு இதைச் செய்கிறார்கள். அந்நேரத்தில் ஒரு யந்திரம் இரத்தத்தை ஓட்டுகிறது. (இருதயத்தில் ஆண்டவன் குடியிருக்கிறான் என்பவர்கள், அந்நேரம் அவன் எங்கே போயிருந்தான் என்று விசாரித்துச் சொன்னால் நாமும் தெரிந்துகொள்ளலாம்.)

அறுத்த எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். நன்றாகக் கெட்டிப்பட 3 மாதம்கூட ஆகலாம். கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இந்த எலும்பே தவிர நாளும் கோளும் அல்ல. அதுவரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். ஒரு குடம் தண்ணீரோ 12, 15 கிலோ இருக்கும். யார் தூக்குவது என்கிறீர்களா? புருஷன் தூக்கட்டுமே! அவன் இடுப்பு தேய்ந்தா போய்விடும்?

ஆனால் தூக்காதே என்றால் படுத்துக்கிட என்று அர்த்தமல்ல. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், சதை வற்றும். அதனால்தான் ஆஸ்பத்திரியிலேயே ஓரிரு நாளில் எழுப்பி நடக்க வைக்கிறார்கள். வீட்டிலும் காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம் என்று தொடங்கி நாளுக்கு நாள் கூட்டவேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அந்த வேகம் சரி; மூச்சு முட்டினால் உட்கார்ந்துவிடவேண்டும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். குற்றாலத்து அருவி மூலிகைத் தண்ணீராயிற்றே, புண் ஆறும் என்று அழைத்துப் போகிறவர்களும் உண்டு. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கூடாத எலும்பின்மேல் அடித்தால் என்னவாகும்? டாக்டர் சொல்லுமட்டும் அருவி காத்திருக்கட்டும்.

பிழைத்து வந்தவர் காரணமில்லாமல் அழுவார், எரிந்து விழுவார், தூங்கமாட்டார். அனேகருக்கு இது வரும். உடனே பயந்த கோளாறென்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். அதையும் டாக்டரிடமே சொல்லலாம், அதற்கும் வைத்தியமுண்டு.

பயிற்சி என்ன செய்யும் என்பதைப் பார்க்க நீங்கள் வெளியூர் போகவேண்டியதில்லை. கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போன தோழர் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் இதே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நடக்கவே மாட்டாதென்று பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

இனி பீடி. வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஜில்லாவில் இதைச் சொன்னால் கோபம் வரும். சுற்றுகிறவர்களின் கூலியைப்பற்றி வேறொரு நாள் பேசுவோம். ஒட்டிய குழாயை மறுபடி அடைக்கும் புகையை மட்டும் இன்றே விட்டாகவேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் சீழ் கண்டாலோ, நெஞ்செலும்பு ‘கடக்’கென்று அசைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், இராகுகாலம் போகட்டும் என்று இருக்காமல் அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்கள்.