லயத்து நாயும் தீபாவளி வெடியும்

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் மலைநாட்டுத் தோட்டங்களில் தீபாவளியைத் தவிர வேறு பேச்சு இராது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா முதலிய பகுதிகளின் லயங்களில் சுவர்கள் வெள்ளையடிக்கப்படும். பலகாரத்துக்கு மா இடிக்கப்படும். கொழும்பிலும் பிற நகரங்களிலும் தொழில் புரியும் பிள்ளைகள் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் நெருக்கியடித்துக்கொண்டு வீடு திரும்புவர். ஆண்டு முழுவதும் மழையிலும் குளிரிலும் கொழுந்து பறித்த கைகள் அன்று புத்தாடை உடுத்தி மகிழும். அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள இயலாத ஓர் உயிரும் அதே வீட்டில் இருக்கிறது. இஸ்தோப்பின் மூலையில், விறகுக் கட்டின் பின்னால், வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு நடுங்கும் வீட்டு நாயே அது.

முதல் நாள் வரை குழந்தைகளோடு விளையாடிய நாய், பண்டிகை நாளில் உறுமுகிறது. உணவை முகர்ந்துபார்த்துவிட்டு விலகுகிறது. அருகில் வருவோரைக் கண்டு பல்லைக் காட்டுகிறது. "இந்த நாய்க்கு என்ன வந்தது?" என்று வீட்டார் சினந்து ஓர் உதையும் கொடுப்பதுண்டு. ஆனால் இவ்வாறு உறுமும் நாய்களிற் பெரும்பாலானவை கோபம் கொண்டவை அல்ல; அச்சம் கொண்டவை. இதனை உணர்ந்துகொண்டால் பண்டிகைக் காலத்துத் துன்பங்களிற் பாதி தீர்ந்துவிடும்.

நாயின் செவி மனிதச் செவியைவிட மிகக் கூர்மையானது. மனிதன் விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க வல்லவன். நாயோ ஏறக்குறைய 45,000 அதிர்வுகள் வரை கேட்கும். மெல்லிய ஒலிகளையும் தொலைவிலிருந்தே அது உணரும். அத்தகைய செவிக்குப் பக்கத்தில் சீனவெடிக் கட்டு ஒன்று வெடித்தால் எப்படி இருக்கும்? அதிலும் லயத்தின் கூரை தகரம், சுற்றிலும் மலைகள். ஒரு வெடியின் ஓசை தகரத்தில் மோதி, எதிர்மலையில் எதிரொலித்து, பல வெடிகளாகத் திரும்பி வருகிறது. வெடியைக் கொளுத்தும் சிறுவன் தீக்குச்சியைக் கண்டதும் காதைப் பொத்திக்கொள்கிறான். நாய்க்கு முன்னறிவிப்பும் இல்லை, பொத்திக்கொள்ளக் கையும் இல்லை. போதாக்குறைக்கு, ஐப்பசி மாதம் மலைநாட்டில் பிற்பகல் தோறும் இடி முழங்கும் காலம். ஏற்கெனவே இடியால் மிரண்ட நாய் வெடியோசையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஓசையோடு இட நெருக்கடியும் சேர்கிறது. பழைய லயத்துக் காம்பரா ஒன்று ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அளவினது. அதில் வழக்கமாக வாழும் குடும்பத்தோடு விருந்தினரும் வந்து தங்கும்போது, நாய் படுத்திருந்த மூலையில் யாரோ ஒருவருடைய பெட்டி வைக்கப்படுகிறது. அறியாத முகங்கள், புதிய வாசனைகள், இரவெல்லாம் பேச்சொலி. நாய் ஒதுங்க இடமின்றித் தவிக்கிறது. முதிய நாயாயின் குளிரில் மூட்டுவலியும் பல்வலியும் கூடச் சேர்ந்திருக்கலாம். திடீரென்று சிடுசிடுப்புக் கொண்ட கிழநாயைத் திட்டுவதற்கு முன், அதற்கு எங்கேனும் நோவு உண்டா என்று மிருக வைத்தியரிடம் காட்டுவதே முறை.

இந்த அச்சத்தைப் பொருட்படுத்தாது விட்டால் இரண்டு அபாயங்கள் நேரும். முதலாவது கடி. மிரண்ட நாயை அன்போடு அணைக்கப் போகும் குழந்தையே பெரும்பாலும் கடிபடுகிறது. விசர்நாய்க்கடி நோய் இலங்கையில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணியாலும் மக்களுக்குக் கிடைத்த சிகிச்சையாலும் அத்தொகை அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளது. ஆயினும் நோய் கண்டபின் அதற்கு மருந்து இல்லை. ஆதலால் ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவித்தல் வேண்டும். கடி நேர்ந்தால், சுண்ணாம்போ கோப்பித்தூளோ அப்பாமல், ஓடும் பீலித் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பண்டிகை முடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

இரண்டாவது அபாயம் ஓட்டம். வெடியோசையில் கலங்கிய நாய் கண்மண் தெரியாமல் தேயிலை மலைக்குள் ஓடிவிடும். தேயிலைச் செடிகளிடையே இரவில் சிறுத்தை நடமாடும் இடங்கள் மலைநாட்டில் உண்டு. நாய் அதற்கு எளிய இரை. பன்றிக்கென்று வைக்கப்படும் கம்பிச் சுருக்குகளும் அங்கே மறைந்திருக்கின்றன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணி அருகே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய சுருக்கில் அகப்பட்டுப் பின்னர் மாண்டது. சிறுத்தையையே வீழ்த்தும் கம்பி, நாயை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாய் தன் அச்சத்தை மறைப்பதில்லை. காது பின்னே சாயும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், களைப்பில்லாமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், இளைக்கும், கண்ணின் வெண்மை தெரியப் பார்க்கும். இவற்றை எவரும் கவனியாதபோதே உறுமுகிறது. உறுமல் என்பது "இதற்கு மேல் வராதே" என்னும் எச்சரிக்கை. உறுமியதற்காக அடிபட்ட நாய் அச்சத்தை விடுவதில்லை. உறுமுவதை மட்டும் விட்டுவிடுகிறது. அடுத்த முறை எச்சரிக்கையின்றியே கடிக்கிறது.

அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் வழி ஒன்று உண்டு. 1924ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய சிறுவன் ஒருவனுக்கு அவன் விரும்பிய உணவைக் கொடுத்துக்கொண்டே, முயலைத் தொலைவில் வைத்துச் சிறிது சிறிதாக அருகிற் கொண்டுவந்தார். நாளடைவில் சிறுவன் முயலைத் தடவவும் துணிந்தான். இம்முறையே நாய்க்கும் பொருந்தும். தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே, கைபேசியில் வெடியோசையை மிகத் தணிவாக ஒலிக்கச் செய்து, அதே வேளையில் நாய் விரும்பும் ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுத்தல் வேண்டும். நாய் அமைதியாக உண்ணுமாயின் மறுநாள் ஓசையைச் சற்றே கூட்டலாம். மிரண்டால் குறைக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது.

பண்டிகை நாளன்று, வெடி தொடங்கும் முன்னரே நாயை வெளியே நடத்திச் சென்று, வயிறார உணவிட்டு, குசினியின் இருண்ட மூலையில் பழஞ்சாக்கு விரித்து விடுதல் நன்று. கதவைச் சாத்தி, வானொலிப் பெட்டியை மிதமான ஓசையில் வைத்துவிட்டால், பழகிய பேச்சும் பாட்டும் வெளியோசையை ஓரளவு மறைக்கும். முற்றத்தில் சங்கிலியிட்டுக் கட்டிவைப்பது கொடுமை. மிரண்டு துள்ளும் நாய் கழுத்து நெரிபடக்கூடும். ஒளிந்திருக்கும் நாயை இழுத்து வெளியே கொணர்தலும் ஆகாது. ஆனால் அதுவாகவே மடியைத் தேடி வந்தால் தடவிக்கொடுக்கலாம். தடவினால் அச்சம் வளரும் என்னும் எண்ணம் தவறானது. விருந்தினரும் குழந்தைகளும் நாயைத் தேடிப் போகாமல், அது தம்மைத் தேடி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாதிருக்கக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

விருந்துணவிலும் கவனம் வேண்டும். வெங்காயம் கலந்த வடை, உலர்ந்த திராட்சை சேர்ந்த கேக், சொக்கலேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். சமைத்த எலும்பு பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். வேடிக்கைக்காகச் சாராயம் ஊற்றுவதோ, மனிதர் உண்ணும் தூக்க மாத்திரையைக் கொடுப்பதோ உயிருக்கே கேடாகும். மிகவும் அஞ்சும் நாய்க்கு ஏற்ற மருந்து மிருக வைத்தியரிடம் உண்டு; பண்டிகைக்கு முன்னரே அவரை நாடுதல் வேண்டும்.

இவை யாவும் ஒரு வீட்டாரின் முயற்சியால் மட்டும் கைகூடுபவை அல்ல. லயத்தில் ஒரு சுவருக்கு இரு வீடுகள். ஒரு வாசலில் வெடிக்கும் வெடி வரிசை முழுவதற்கும் கேட்கிறது. தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியாரும் இளைஞரும் கூடிப் பேசி, விளையாட்டு மைதானத்திலோ பிரட்டுக்களத்திலோ குறித்த நேரத்தில் வெடி கொளுத்துவது என்று முடிவு செய்யலாம். கைக்குழந்தைகளும் நோயாளரும் முதியோரும் அதனாற் பயனடைவர்.

நேபாள நாட்டில் இதே பண்டிகைக் காலத்தில், ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று, நாய்களுக்கு மாலையணிவித்துப் பொட்டிட்டு நல்லுணவு படைக்கின்றனர். தமிழர் எண்ணெய் தேய்த்து நீராடும் நாளும் பெரும்பாலும் அதுவே. வைரவருக்கு நாயை வாகனமாக வைத்து வணங்கும் மலையக மக்களுக்கு இக்கருத்து அந்நியமானது அன்று. ஆனால் லயத்து நாய்க்கு மாலை வேண்டியதில்லை. ஆண்டின் மற்ற இரவுகளிலெல்லாம் இஸ்தோப்பில் குளிரில் கிடந்து, யாருடைய காலடி எதுவென்று அறிந்து அது வீட்டைக் காக்கிறது. தீபாவளி இரவில் அதற்கு வேண்டுவது ஒரு பழஞ்சாக்கும், சாத்திய கதவும், சினங்கொள்ளாத ஒரு குரலும் மட்டுமே.