மகள் வீட்டில் லைசென்ஸ் இருக்கிறதா?

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கைப் பேசி உங்கள் நேரத்தைத் தின்றவன் நான்தான். இன்று அது இல்லை, பயப்படாதீர்கள். கோடைக்குப் பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்கள் நம் பிளாக்குகளில் நாலைந்து குடும்பமாவது இருக்கிறீர்கள். இது உங்களுக்காக.

போன வருடம் மகள் வீட்டில் எனக்கு விடியற்காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். லேப்டாப்பில் நம் ஊர்ச் செய்தி சேனலை நேரலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மூன்று வாரம் ஓடியது. ஒருநாள் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, “மாமா, இதை நேரலையில் பார்க்கக் கூடாது. லைசென்ஸ் தேவையில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்” என்றார். டிவி பெட்டியே இல்லாத வீட்டுக்கு என்ன லைசென்ஸ் என்று சிரித்தேன்.

நமக்கும் இது இருந்தது. போஸ்ட் ஆபீசுக்குப் போய் வருடா வருடம் ரேடியோ லைசென்ஸ் புதுப்பித்த தலைமுறைதானே நாம்? இங்கே 1980களின் நடுவில் எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் 1946ல் 2 பவுண்டுக்குத் தொடங்கிய டிவி லைசென்ஸ் இன்னும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்ட் ஆனது. பிபிசி ஓடுவது பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான்.

நெட்ஃபிளிக்ஸில் நேரலை அல்லாததை மட்டும் பார்க்கிற வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். யூடியூபில் ஏற்கெனவே ஏற்றி வைத்த வீடியோவுக்கும் வேண்டாம். ஆனால் எந்தச் சேனலையும், ஒளிபரப்பாகிற அதே நேரத்தில் பார்த்தாலோ பதிவு செய்தாலோ வேண்டும். போனா, லேப்டாப்பா என்ற பேச்சே கிடையாது. பிபிசி சேனலா, நம் ஊர்த் தமிழ்ச் சேனலா என்ற பேச்சும் கிடையாது. நான் சறுக்கியது இங்கேதான். பிபிசி ஐபிளேயர் தனிக் கணக்கு. 2016 செப்டம்பர் முதல், அதில் பழைய நிகழ்ச்சி பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும்.

பிடிபட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம், அதுவும் குற்ற வழக்காக. பிள்ளைகள் விசா விண்ணப்பத்தில் குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். அதை நினைத்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது. விருந்தாளி செய்தாலும் அந்த வீட்டுக்காரர் தலையில்தானே வந்து விழும்?

இதற்காக யாரும் நடுங்க வேண்டாம். சோதனைக்கு வருகிறவர், கோர்ட் வாரண்ட் இல்லாமல், நீங்கள் அனுமதிக்காமல் உள்ளே வர முடியாது. லைசென்ஸ் ஒரு முகவரிக்கு ஒன்று, விருந்தாளிக்குத் தனியாக வேண்டாம். ஆனால் பிள்ளைகள் தனித்தனி வாடகை ஒப்பந்தம் போட்டு அறை அறையாக இருந்தால் அவரவர் எடுக்க வேண்டும். 75 வயதுக்கு மேல் எல்லோருக்கும் இலவசம் என்று பழைய தகவலை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 ஆகஸ்ட் முதல் பென்ஷன் கிரெடிட் என்ற உதவி பெறும் வீடுகளுக்குத்தான் அது.

இந்தக் கட்டணம் நியாயமா என்று மாப்பிள்ளையோடு ஒரு மாலை முழுக்க வாதாடினோம். ஜெர்மனியில் 2013 முதல், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார்கள். பிரான்ஸ் 2022ல் கட்டணத்தையே எடுத்துவிட்டது. எனக்கு ஜெர்மனி வழிதான் பிடிக்கிறது. யார் எதைப் பார்த்தார் என்று கதவைத் தட்டிக் கேட்கிற வேலை மிச்சம். பார்க்காதவன் எதற்குத் தர வேண்டும் என்பது மாப்பிள்ளை கட்சி. அதையும் தள்ள முடியவில்லை. பிபிசியின் இப்போதைய சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது, அதற்குள் அவர்களே ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

மிச்ச நாட்களுக்கு முந்தின நாள் செய்தியை யூடியூபில் பார்த்தேன். என் மனைவிக்கு சீரியல் மறுநாள் ஆப்பில் கிடைத்தது. இந்த வருடம் நாங்கள் போவதற்கு முன்பே மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். 2025 கட்டணப்படி நாள் கணக்கில் 48 பென்ஸ்தான் வந்தது. தேவையில்லை என்று ரத்து செய்தால் மீதி முழு மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், நாங்கள் கிளம்பியதும் செய்துவிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. கிரிக்கெட் சீசன் அல்லவா.