குபேரனுக்கு யார் வரி போடுவது?

வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அன்பர்களே, வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாக வாழும் என் சித்தூர் சொந்தங்களே!

அழைப்பிதழில் "பணக்காரருக்கு வரி: நியாயமா, பொறாமையா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த மண்ணில் நின்று இதைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே ஏழுமலையான் இருக்கிறார். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கியவர், கலியுகம் முடியும்வரை வட்டி கட்டப்போகிறவர். அந்த வட்டிக்காகத்தான் நாம் உண்டியலில் போடுகிறோம் என்று பாட்டிமார்கள் சொல்லி வளர்ந்தோம். கடன் வாங்கியவரின் பாட்டைப் பேசுகிறோம். இத்தனை காலமாக வட்டி வாங்குகிறாரே, அந்தக் குபேரன், அவர் யாருக்காவது வரி கட்டினாரா? எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. சிரிக்கிறீர்கள். டெல்லியிலும் அதைக் கேட்க ஆள் குறைவுதான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பின்னால் பேசப்போகும் ஆடிட்டர் ஐயா என்னை விடமாட்டார். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும், மொத்தச் சொத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டில் உள்ள ஒரு சதவீதத்தினரிடம் இருக்கின்றன. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில்கூட வருமானத்தில் அவர்கள் பங்கு இந்த அளவுக்குப் போனதில்லை. நூறு இலை போட்ட பந்தியில் ஒரே ஆள் நாற்பது இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே ஒரு பதில் வரும். "பணக்காரர்கள் கொடுக்கத்தானே செய்கிறார்கள்? திருமலையைப் பாருங்கள்!" பார்ப்போம், நன்றாகவே பார்ப்போம். தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட் 5,258 கோடி ரூபாய். அதில் உண்டியல் வரவு மட்டும் 1,729 கோடி என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பணம் மருத்துவமனையாக, கல்லூரியாக, அன்னதானமாகத் திரும்பி வருவதை நாம் கண்ணால் காண்கிறோம். அதைக் குறைத்துப் பேச என் நாக்கு எழாது.

இந்தக் கொடைக்கு நீண்ட வரலாறு உண்டு. மலைக்கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை நம் தமிழில்தான் இருக்கின்றன. விஜயநகரக் காலத்தில் வணிகர்களும் அதிகாரிகளும் பொற்காசாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோயில் அந்தக் காசைப் பெட்டியில் பூட்டவில்லை. தன் கிராமங்களில் ஏரி வெட்டியது, கால்வாய் தோண்டியது. கூடுதலாக விளைந்த நெல்லில் அன்றாடப் படையல் நடந்தது. பர்ட்டன் ஸ்டைன் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கடவுள் பேரில் நடந்த பொதுப்பணித்துறை என்று சொல்லலாம்.

ஆனால் அந்தக் கல்வெட்டுகளை இன்னும் ஒரு வரி சேர்த்துப் படிக்க வேண்டும். படைத்த பிரசாதத்தில் கால் பங்கு கொடுத்தவருக்கே திரும்பிப் போகும். விட்டவன் விழுக்காடு என்று அதற்குப் பெயர். அந்தப் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளலாம், தனக்கு வேண்டியவருக்கு எழுதி வைக்கலாம். இன்றைக்கும் அப்படித்தானே? ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுத்தால் விஐபி பிரேக் தரிசனத்துக்கு வழி திறக்கிறது. கொடுக்க முடிந்தவருக்கு ஒரு வரிசை, முடியாதவருக்கு வேறு வரிசை. 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்கு முண்டியடித்த நெரிசலில் ஆறு பேர் செத்தார்கள். அவர்கள் நின்றது எந்த வரிசை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2009இல் கர்நாடகச் சுரங்க அதிபர் காலி ஜனார்த்தன ரெட்டி வைரக் கிரீடம் ஒன்றைப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தார். மதிப்பு நாற்பது கோடிக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. 2011இல் சட்டவிரோத இரும்புத்தாது வழக்கில் சிபிஐ அவரைக் கைது செய்தது. 2025 மே மாதம் ஐதராபாத் சிபிஐ நீதிமன்றம் ஏழாண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது வேறு. மண்ணுக்கடியில் இருந்த தாது ஊர்ப் பொதுச்சொத்து. அதற்குரிய பங்கு கஜானாவுக்கு ஒழுங்காக வந்ததா என்று கேட்கும் வேலை மலைமேல் இருப்பவருடையது இல்லை. அது நம் வேலை. வரி அதிகாரி கணக்கைப் புரட்டிப் பார்ப்பார், உண்டியல் எதையும் கேட்காமல் வாங்கிக்கொள்ளும்.

கொடை வளரும்போது வரி என்ன ஆனது என்று பார்க்க 1985ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரல் 6ஆம் தேதி என்.டி. ராமராவ் திருமலையில் நித்ய அன்னதானத்தைத் தொடங்கினார். புண்ணியமான காரியம். அதற்கு மூன்று வாரம் முன்னால், மார்ச் 16 முதல், இறந்தவர் சொத்தின்மேல் 1953 முதல் இருந்த எஸ்டேட் டியூட்டி ரத்தானது. நிதியமைச்சர் வி.பி. சிங் சொன்ன காரணம், ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கோடிதான் வருகிறது, வசூலிக்கும் செலவோ அதிகம் என்பது. ஆக, அந்த வசந்தகாலத்தில் ஏழைக்குச் சாப்பாடு கிடைத்தது, பணக்காரரின் பேரனுக்குச் சொத்து முழுதாகக் கிடைத்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை!

இப்போது நம் மாநிலத்துக்கு வருகிறேன். 2025 உகாதி அன்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு பி-4 திட்டத்தைத் தொடங்கினார். வசதியில் மேலே இருக்கும் பத்து சதவீதம், கீழே இருக்கும் இருபது சதவீதத்துக்குக் கைகொடுக்க வேண்டும். கொடுப்பவர் மார்கதர்சி, வாங்குபவர் பங்காரு குடும்பம். நாயுடு நம் மாவட்டத்துக்காரர், குப்பத்து எம்எல்ஏ. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் (ஏடிஆர்) 2024 டிசம்பரில் வெளியிட்ட கணக்கின்படி 931 கோடி சொத்துடன் நாட்டிலேயே பணக்கார முதலமைச்சர். அவர் மேல்தட்டைப் பார்த்துக் கீழே குனியச் சொல்வதை நான் வரவேற்கிறேன். பல முதலமைச்சர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை.

ஆனால் இப்படிக் குடும்பங்களைத் தத்தெடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, ஐயா. எந்தக் குடும்பம், எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்கிறார். அடுத்த வருஷம் அவர் மனம் மாறினால் பங்காரு குடும்பம் எந்த ஆபீஸில் போய் நிற்கும்? பெண்ணின் காலேஜ் ஃபீஸை ஒரு மார்கதர்சி கட்டுகிறார் என்றால் அந்தக் குடும்பம் அவரைக் கண்டதும் எழுந்து நிற்க வேண்டும். அரசாங்க ஸ்காலர்ஷிப் வாங்குகிறவள் யாருக்கும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த அரசாங்கப் பணம் யாருடையது? மாங்காய்க்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தபோது பல்ப் கம்பெனி வாசலில் டிராக்டர்கள் காத்துக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிலோவுக்குக் கம்பெனி 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று அறிவித்தார்கள். கம்பெனி தரவேண்டிய எட்டு முழுசாக வரவில்லை என்று விவசாயிகள் புலம்பினார்கள். அரசின் அந்த நாலு ரூபாய் எங்கிருந்து வருகிறது? கஜானாவிலிருந்து. கஜானாவில் போடுகிறவர் யார்? சோப்பும் பிஸ்கட்டும் வாங்கும்போதெல்லாம் நீங்களும்தான். கூலிக்குப் போகும் அம்மாவுக்கும் கம்பெனி முதலாளிக்கும் அந்தக் கடையில் ஜிஎஸ்டி ஒன்றே. மாங்காய் விற்றவர் தானே கட்டிய வரியிலிருந்து தனக்கே நிவாரணம் வாங்கிக்கொள்கிறார்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 1957இல் நம் தமிழர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்து செல்வ வரியைக் கொண்டுவந்தார். 1973-74இல் வருமான வரியின் உச்சி 97.75 சதவீதம் வரை ஏறியது. அந்த உச்சிப் படியில் நூறு சம்பாதித்தால் இரண்டே கால் ரூபாய் மிச்சம்! அப்படிப் போட்டால் மனிதன் கணக்கை மறைக்கத்தான் செய்வான், மறைத்தான். செல்வ வரியும் சவலைப்பிள்ளையாகவே வளர்ந்தது. 1993 முதல் பங்குகளுக்கு விலக்கு. வீடு, நகை, கார் வைத்திருப்பவர் கட்டவேண்டும், கம்பெனிப் பங்கைக் கோடி கோடியாக வைத்திருப்பவர் கட்டவேண்டாம். இப்படி ஓட்டை போட்ட பிறகு 2013-14இல் வந்தது 1,008 கோடி. பார்த்தீர்களா, ஒன்றும் தேறவில்லை என்று 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை எடுத்துவிட்டார். பதிலாக ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீத சர்சார்ஜ். அதில் செல்வ வரியைவிடக் கூடுதலாக வந்தது என்பது உண்மை. ஆனால் சொத்து எவ்வளவு வளர்ந்தாலும் வருமானமாகக் காட்டாதவரை சர்சார்ஜ் அதைத் தொடாது என்பதும் உண்மை.

2024 தேர்தலில் வாரிசு வரி என்ற பேச்சு எழுந்தது. பெண்களின் தாலியையும் பறித்துவிடுவார்கள் என்பதுவரை அந்த வாதம் போனது. அந்த ஆண்டு மே மாதம் அதே உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தார் வைத்த யோசனை என்ன தெரியுமா? பத்துக் கோடிக்கு மேல் நிகரச் சொத்து உள்ளவருக்கு ஆண்டுக்கு 2 சதவீத வரி, பத்துக் கோடிக்கு மேற்பட்ட சொத்து வாரிசுக்குக் கைமாறும்போது 33 சதவீதம். இதில் மாட்டுகிறவர்கள் வயது வந்தோரில் 0.04 சதவீதம், பத்தாயிரம் பேருக்கு நான்கு பேர். இந்த மண்டபத்தில் ஒருவர் தாலியும் அதில் வராது. கிடைப்பதோ நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.73 சதவீதம்.

எல்லாவற்றையும் டெல்லியின் தலையில் போட்டுவிட்டுக் கலையவும் வேண்டாம். விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சாசனப்படி மாநிலத்துடையது. ஐந்து ஏக்கர் மாந்தோப்புக்காரரைத் தொடச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான ஏக்கர் எழுதி வைத்துக்கொண்டு வேறு தொழில் லாபத்தையும் விவசாய வருமானமாகக் காட்டுகிறவர்களை அமராவதி நினைத்தால் நாளைக்கே கேட்கலாம்.

ஆடிட்டர் ஐயா மைக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒரே கேள்வி. பங்காரு குடும்பங்களின் பட்டியலை வீடு வீடாகச் சென்று அரசால் தயாரிக்க முடிகிறது. அவர்கள் வீட்டு நிலவரத்தைக் கேட்டு எழுதினார்கள். பத்துக் கோடிக்கு மேல் சொத்துள்ளவர்கள் பட்டியலை மட்டும் ஏன் தயாரிக்க முடியாது என்கிறீர்கள்? வந்து சொல்லுங்கள், ஐயா.