முழங்கால் நோவும் முதுமையும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்து, வாவிக் கரையில் அமைந்த ஊர் ஓட்டமாவடி. அவ்வூரின் இரும்புப் பாலத்தைப் பலரும் அறிவர். ஒரு காலத்தில் புகையிரதமும் ஏனைய வாகனங்களும் அந்த ஒரே பாலத்தில் மாறி மாறிச் சென்றன. இன்று வாகனங்களுக்கெனத் தனிப் பாலம் உண்டு. பாரம் சுமந்து சுமந்து இரும்பு தேய்வது இயற்கை. மனிதனுடைய முழங்காலும் அவ்வாறே தேய்ந்து போவது. வயது சென்றால் அதற்குப் பரிகாரமில்லை. அசையாதிருப்பதே நலம் என்பது ஊர்தோறும் நிலவும் எண்ணமாகும். இவ்வெண்ணம் பாதி உண்மை. மற்றப் பாதி பெருந்தவறு. அத்தவறே நோயினும் மிகுதியாகப் பலரை முடக்கி விடுகின்றது.

ஓட்டமாவடியின் பல இல்லங்களிலே காணத்தக்க மூதாட்டி ஒருத்தியை நேயர்கள் மனக்கண்முன் கொண்டு வருவாராக. இளமையிலே வெள்ளாமை வட்டையிற் குந்தியிருந்து புல் பிடுங்கியவள். தரையில் அமர்ந்து பாய் இழைத்தவள். அடுப்படியிற் பல்லாண்டு கழித்தவள். அறுபதைத் தாண்டியதும் முழங்காலில் நோவு தொடங்குகின்றது. அமர்ந்தால் எழும்ப முடிவதில்லை. படியேறுவது துன்பம்; இறங்குவது அதனினும் துன்பம். தொழுகையிலே சுஜூதிலிருந்து எழும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். பின்னர்க் கலியாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறாள். அயல் வீட்டுக்குச் செல்வதையும் விடுகிறாள். "வயது போனால் இப்படித்தான்" என்று பிள்ளைகள் ஆறுதல் கூறுகின்றனர். அந்த ஆறுதலே அவளை வாசற்படிக்குள் அடைத்துவிடுகின்றது.

இந்நோயை மருத்துவர் ஒஸ்ரியோ ஆத்திரைற்றிஸ் என்பர். மூட்டுத் தேய்வு எனத் தமிழிற் கூறலாம். இரண்டு என்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. என்பு முனைகளைக் கசியிழையம் எனப்படும் குருத்தெலும்பு வழவழப்பான போர்வைபோல் மூடியுள்ளது. மூட்டைச் சூழ்ந்த உறையின் உட்படலம் முட்டை வெண்கருவை ஒத்த வழுக்கலான திரவத்தைச் சுரக்கின்றது. இவ்விரண்டின் உதவியாலேயே என்புகள் உராய்வின்றி அசைகின்றன.

கசியிழையத்துக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அவ்வாறாயின் அதற்கு உணவு எவ்வாறு சேருகின்றது? நடக்கும்போது மூட்டில் அழுத்தம் ஏற்படுகின்றது. அடி எடுக்கும்போது அழுத்தம் நீங்குகின்றது. நீரில் இட்ட பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, இவ்வழுத்தமும் தளர்வும் மாறி மாறி நிகழ்வதனால் மூட்டுத் திரவத்திலுள்ள ஊட்டம் கசியிழையத்தினுட் செல்கின்றது. எனவே, மூட்டுக்கு உணவூட்டுவது அதன் அசைவே. இரும்புப் பாலத்துக்கும் முழங்காலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பாலம் உயிரற்றது, மூட்டு உயிருள்ளது.

நோய் கண்ட மூட்டிலே கசியிழையம் மெலிந்து கரடுமுரடாகின்றது. அடியிலுள்ள என்பு தடிக்கின்றது. ஓரங்களிற் சிறு முனைகள் வளருகின்றன. உட்படலம் அழற்சியடைந்து வீங்குகின்றது. சுற்றியுள்ள தசைகள் வலிமை குன்றுகின்றன. முழங்கால், இடுப்பு, முதுகெலும்பு, கைவிரல்கள் ஆகியன பெரிதும் தாக்கப்படுவன. விரல் நுனி மூட்டுகளில் தோன்றும் கடினமான முடிச்சுகளை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபடன் விவரித்துள்ளார். 1802ஆம் ஆண்டில் வெளியான அவரது நூலில் அக்குறிப்பைக் காணலாம்.

இத்துன்பம் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 52 கோடி 80 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் நூற்றுக்கு 73 பேர் 55 வயதைக் கடந்தோர். நூற்றுக்கு 60 பேர் பெண்கள். வயது, பரம்பரை, பழைய காயம், மிகுந்த உடற்பாரம், நெடுங்காலம் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் தொழில் ஆகியன இதற்கு ஏதுவாகின்றன.

மூட்டு நோவு யாவும் ஒன்றல்ல. நம்மவரோ எல்லாவற்றையும் "வாதம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். மூட்டுத் தேய்வில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துள் நீங்கும். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், பல சிறு மூட்டுகள் ஒருங்கே வீங்கினாலும் வேறு நோயாகலாம். ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து கொதித்துக் காய்ச்சலும் கண்டால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

பரிகாரங்களுள் முதன்மையானது பயிற்சி. கதிரையில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பின்னர் மெல்ல இறக்குக. இரு காலுக்கும் பத்துப் பத்து முறை, நாள்தோறும் செய்தால் தொடையின் முன்தசை வலுப்பெறும்; அத்தசையே முழங்காலின் காவலன். சமதரையில், தாங்கும் அளவுக்கு நடப்பதும் நன்று. சிறிது நோவு தோன்றினால் மூட்டு அழிகின்றது என அஞ்சவேண்டியதில்லை. உடற்பாரத்தில் ஓர் இறாத்தல் குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் ஏறத்தாழ நான்கு இறாத்தல் குறைவதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். ஊன்றுகோலை நோவுள்ள காலின் பக்கத்திலே பிடிப்போர் பலர். அதனை மறுபக்கக் கையிற் பிடிப்பதே முறை.

நோவு தீர்க்கும் மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்தானது. அவற்றுட் பல இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடைய முதியோர் இதில் மிகுந்த அவதானம் கொள்ளல் வேண்டும். எல்லா வழிகளும் பயன்படாதபோது சத்திரசிகிச்சை உண்டு. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஜோன் சான்லி என்னும் வைத்தியர் செம்மைப்படுத்திய செயற்கை இடுப்பு மூட்டு, இத்துறையிற் புதுவழி திறந்தது. இன்று முழங்கால் மூட்டையும் மாற்றி அமைக்கின்றனர்.

தொழுகையைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. பள்ளிவாசலிற் கதிரையில் அமர்ந்து தொழுவதற்கு முதியவர் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கத்தினால் வீட்டில் ஒதுங்குபவர் நடையையும் இழக்கிறார்; நாலு பேர் உறவையும் இழக்கிறார்.

ஆதலின், பிள்ளைகள் தம் உம்மாவுக்குச் சொல்லவேண்டியது "வயது போனால் இப்படித்தான்" என்பதன்று. "எழும்புங்கள் உம்மா, வாசல்வரை நடந்து வருவோம்" என்று கூறிக் கை கொடுப்பார்களாக. இன்று வாசல்வரை, நாளை அயல் வீடுவரை. தேய்ந்தது முற்றும் திரும்பாது. ஆயினும், ஒடுங்கிப்போன வாழ்வு மீண்டும் விரிய இடமுண்டு.